யாரைப் பாத்துப் பயந்துச்சு?

தலைப்பை இன்னொருக்கா வாசி பேராண்டி. "உள்நாட்டு, வெளிநாட்டு அரசியல் சவால்களை அரசின் கொள்கை எவ்வாறு எதிர்கொள்கிறது?" நல்லாத்தான் கேட்டிருக்காய்ங்க. குரூப்-1 எழுதணும்னு மதுரையில ரூம் எடுத்துத் தங்கி, ஃபீஸ் கட்டி, மெஸ் சாப்பாட்டைத் தின்னு வயித்தைக் கெடுத்து, கடைசியில இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம ராசிங்காபுரத்துக்கு வந்து மோட்டைப் பாத்துக்கிட்டுக் கெடக்கியேடா. மோட்டைப் பாக்காத. வெளிய வந்து மலைப்பக்கம் திரும்பி நில்லு. பொட்டிப்புரத்துக்கு மேல நிக்குதே அம்பரப்பர் மலை, ஒன் பதில் அங்க இருக்கு.

நிய்யி எழுதி வச்சிருக்கிறதை நான் பாக்காம இல்ல. "அரசு பன்முக அணுகுமுறையைக் கையாள்கிறது"ன்னு ஆரம்பிச்சிருக்க. அப்படி எழுதுனா மார்க்கு வருமோ என்னமோ, கெழவனுக்குக் கொட்டாவிதான் வருது. நான் ஒண்ணு சொல்றேன். எந்த உத்தரவு கையில கெடச்சாலும், அடியில யார் கையெழுத்துன்னு பாக்காத. இதை எழுதும்போது அரசாங்கம் யாரைப் பாத்துப் பயந்துச்சுன்னு பாரு. அம்புட்டுதான்.

சந்தேகமா? போடி ரயிலை எடுத்துக்க. வெள்ளக்காரன் 1928ல மதுரையிலருந்து போடிக்குத் தண்டவாளம் போட்டான். நம்ம மேல ஆசைப்பட்டா போட்டான்? மலைமேல வெளையிற ஏலக்காயும் காப்பியும் தேயிலையும் கீழ எறங்கணும்னு போட்டான். ரெண்டாம் உலகப்போர் வந்துச்சு. 1942ல சப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சுட்டான். இரும்பு வேணும்னு போடித் தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டுப் போயிட்டான் வெள்ளக்காரன். மறுபடி ரயிலைக் காண அம்பதுகள் வரைக்கும் காத்துக் கெடந்தோம். அப்புறம் அகலப்பாதை ஆக்குறோம்னு 2010 கடைசியில நிப்பாட்டுனாய்ங்க, 2023 ஜூன்லதான் போடிக்கு வண்டி திரும்ப வந்துச்சு. போருக்காகப் பேத்தப்பவும் பத்து வருசத்துக்கு மேல, சமாதானமா இருக்கையில பேத்தப்பவும் பத்து வருசத்துக்கு மேல. ரயில் வரலைன்னா நாம என்ன செஞ்சுருவோம்? பஸ்ஸேறிப் போவோம். அது அவிங்களுக்கு நல்லாத் தெரியும்.

சரி, மலைக்கு வா.

நியூட்ரினோன்னு ஒண்ணு. கண்ணுக்குத் தெரியாது, கைக்குச் சிக்காது. சூரியன்ல இருந்து வர்றது மட்டும் ஒன் கட்டைவிரல் நகத்தளவு இடத்துல நொடிக்கு 6,500 கோடி நுழைஞ்சு போகுதாம். போடிமெட்டு செக்போஸ்ட்டுல பெர்மிட் காட்டாம, பத்து ரூவா குடுக்காம அங்கிட்டும் இங்கிட்டும் போயி வர்றது ஒலகத்துலயே அது ஒண்ணுதான். வானத்துலருந்து வர்ற மத்த கதிர்களை எல்லாம் மலை வடிகட்டிரும், இது மட்டும் மலைக்குள்ள வரும், அங்க வச்சுப் பிடிச்சுப் படிக்கணும்னு விஞ்ஞானிக கேட்டாக. நம்ம நாட்டுக்கு இது புதுசும் இல்ல. கோலார் தங்கச் சுரங்கத்துக்குள்ள 1965லயே காத்துமண்டலத்துல உண்டாகுற நியூட்ரினோவைப் பிடிச்சுக் காட்டுனவுக நம்மாளுக. அதுல அவுகளுக்குப் பெருமை. பெருமைப்பட வேண்டியதுதான். அப்புறம் சுரங்கத்தை மூடிட்டாய்ங்க, பெருமை மட்டும் வெளிய நின்னுச்சு.

மொதல்ல அவுக கேட்ட எடம் நீலகிரியில சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகம் பக்கத்துல இருக்கு, யானை நடமாடுற தடம், அங்க வேணாம்னு 2009ல சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் சொல்லிட்டாரு. தேனிப் பக்கம் பாருங்கன்னும் சொன்னாரு. இங்க யாரைப் பாத்துப் பயந்துச்சு? யானையைப் பாத்துன்னு எழுதிறாத. யானைக்காகப் பேச ஊட்டியிலருந்து டெல்லி வரைக்கும் ஆள் இருந்துச்சு, அவுகளைப் பாத்து. நம்ம மலையிலயும் யானை உண்டு. ஆனா நம்ம யானைக்கு இங்கிலீசு தெரிஞ்ச சொந்தக்காரங்க இல்ல.

அப்புறம் பொட்டிப்புரத்துல 66 ஏக்கர் அரசாங்க நிலம். மாநில அரசும் சரின்னுச்சு. சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துருச்சு. எதிர்க்க ஆளில்லைன்னா ஃபைலு எம்புட்டு வேகமா ஓடும்னு அப்பத்தான் பாத்தேன். 2015 சனவரியில மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூவாத் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துருச்சு. மலைக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் சுரங்கம், அதுக்குள்ள 50,000 டன் காந்த இரும்பு. இங்க யாரைப் பாத்துப் பயம்? சப்பான்காரன் கமியோகாவுல வச்சிருக்கான், அமெரிக்காக்காரன் ஒண்ணு கட்டப்போறான், சீனாக்காரன் ஜியாங்மென்ல அதே மாசம் வேலையை ஆரம்பிச்சுட்டான். நாம பின்தங்கிட்டா? இது வெளிநாட்டுச் சவால். நோட்டுல குறிச்சுக்க.

அந்தச் சமயத்துல தமிழ்நாட்டு முதலமைச்சர் யாருன்னு ஒனக்குத் தெரியுமா? ஓ. பன்னீர்செல்வம். நம்ம போடி எம்எல்ஏ. மலைக்கு அடிவாரத்துத் தொகுதிக்காரரே கோட்டையில உக்காந்திருந்த நேரம்டா அது. தேனி மாவட்டமே நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சோம். நிமித்துன நெஞ்சுக்குள்ளயும் நொடிக்கு இம்புட்டுக் கோடின்னு நியூட்ரினோ போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அது வேற கதை.

அப்புறம்தான் ஊருக்குள்ள சத்தம் கெளம்புச்சு. வைகோ வந்தாரு, ஊர் ஊராப் பேசினாரு, கோர்ட்டுக்குப் போனாரு. பூவுலகின் நண்பர்கள் வழக்குப் போட்டாக. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட ஒப்புதல் இல்லாம வேலையை ஆரம்பிக்காதன்னு ஐகோர்ட்டு மதுரைக் கிளை சொல்லிருச்சு. அந்த ஒரு வரிதான் மாநில அரசுக்குக் கெடச்ச வரம். "தரமாட்டோம்"னு சொன்னா டெல்லிக்குக் கோவம். "தர்றோம்"னு சொன்னா தேனிக்குக் கோவம். ஃபைலு வாரியத்துல கெடந்தா ரெண்டு பேருக்கும் கோவமில்ல. பேராண்டி, இந்தக் கட்டத்தை நல்லாப் பிடிச்சுக்க. ரெண்டு பக்கமும் பயம் சமமா இருந்துச்சுன்னா அரசாங்கம் எடுக்கிற முடிவுக்குப் பேரு "பரிசீலனை".

2017ல பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வச்சது. ஏன்னா, மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. அது கேரளாவுல, பூப்பாறைப் பக்கம். ரெண்டு மாநில எல்லையில இருக்கிற வேலைக்கு அதுக்கேத்த வகையில அனுமதி வாங்கலைன்னுச்சு. சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிச்ச நிறுவனத்துக்கு அதுக்கான அங்கீகாரமே இல்லைன்னும் சொல்லிருச்சு. ஒரு மலையைக் கொடையப் போறவிங்க காயிதத்தைக் கூடச் சரியா வைக்கலையேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

அதுக்கு டெல்லி என்ன செஞ்சதுன்னு கேளு, சிரிச்சுருவ. 2018 மார்ச்சுல "சிறப்பு நிகழ்வு"ன்னு பேரு வச்சு மத்திய அமைச்சகமே அனுமதி குடுத்துருச்சு. எந்தப் பிரிவுல? கட்டடம் கட்டுற பிரிவுல. 8(அ). அப்பார்ட்மென்ட்டு, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் எல்லாம் கட்ட அனுமதி கேப்பாய்ங்கள்ல, அதே பிரிவு. ஆறு லட்சம் கன மீட்டர் பாறையை வெடி வச்சு எடுக்கிற வேலை நம்ம நாட்டுச் சட்டப்படி கட்டடம் கட்டுறது. நான் தொழுவத்துக்குத் தகரம் போட்டதுக்கு ஊராட்சியில எத்தனை நடை நடக்க விட்டாய்ங்க! அடுத்தவாட்டி எதாச்சும் கட்டணும்னா, நியூட்ரினோ பிடிக்கப் போறேன்னு எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன்.

அந்த வருசமே வைகோ மதுரையிலருந்து நடந்தே வந்தாரு. நவம்பர்ல தீர்ப்பாயம் "அனுமதி செல்லும், ஆனா தேசிய வனவிலங்கு வாரியத்துகிட்டக் கேளு"ன்னுச்சு. 2021 ஜூன்ல முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமரைப் பாத்துத் திட்டத்தைக் கைவிடச் சொல்லி மனுக் குடுத்தாரு. 2022 பிப்ரவரியில தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுல மனுத் தாக்கல் செஞ்சுச்சு. மதிகெட்டான்சோலைக்கும் பெரியாறுக்கும் நடுவுல புலி போற தடம் இருக்கு, அனுமதி தரமாட்டோம்னு. பாத்தியா? பொறம்போக்குன்னு இருந்த மலை, ஓட்டுன்னு வந்ததும் புலித்தடம் ஆயிருச்சு. புலி புதுசா வரல. அது பாட்டுக்கு அன்னைக்கும் போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

சீனாக்காரன் என்ன ஆனான்னு கேப்ப. 2015ல தோண்ட ஆரம்பிச்சவன், 700 மீட்டர் ஆழத்துல 20,000 டன் திரவத்தை நெரப்பி, 2025 ஆகஸ்ட்டுல கணக்கெடுக்க ஆரம்பிச்சுட்டான். அங்க வைகோ நடைபயணம் போக முடியாதுல்ல. அப்படிப்பட்ட ஊருல பொறக்கலையேங்கிற வருத்தம் எனக்கு எள்ளளவும் கெடையாது. ஆனா தோண்டவும் செய்யாம, வேணாம்னு மொத நாளே சொல்லவும் தைரியமில்லாம, படிச்ச புள்ளைகளைப் பத்து வருசம் காக்க வச்சோம் பாரு, அதுக்கும் ஒரு பேரு வைக்கணும். விஞ்ஞானிக மேல எனக்குக் கோவமில்ல. பொய் சொல்ல வந்தவுக இல்ல அவுக. "நியூட்ரினோ ஒண்ணும் செய்யாது"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாக. அது ஒண்ணும் செய்யாதுங்கிறது சரி. வெடி என்ன செய்யும், பாறை லாரி எந்த ரோட்டுல போகும், தண்ணி எங்கிட்டிருந்து எடுப்பீகன்னு நாம கேட்டோம். கேட்டதுக்குப் பதில் வரல, கேக்காததுக்கு நோட்டீசு வந்துச்சு. நம்மாளுக மட்டும் என்ன சும்மாவா, நியூட்ரினோன்னா அணுகுண்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு டீக்கடையில சத்தியம் பண்ணாய்ங்க.

இதுல ஒரு கூத்தைக் கவனிச்சியா? கேரளாக்காரன் முல்லைப்பெரியாறு அணை ஒடஞ்சுரும்ங்கிறான். நாம "பச்சைப் பொய், பென்னிகுயிக் கட்டுன அணை, 1895லருந்து அசையாம நிக்குது"ங்கிறோம். மலையில வெடி வச்சா அணைக்கு ஆபத்துன்னு நியூட்ரினோ கூட்டத்துல மைக்கைப் பிடிச்சதும் நாமதான். காலையில ஒரு மேடை, சாயந்திரம் ஒரு மேடை. அணை பாவம், நாளைக்கு ரெண்டுவாட்டி ஒடஞ்சு ரெண்டுவாட்டி ஒட்டுச்சு.

அந்த அணைக் கதையும் ஒன் கட்டுரைக்கு ஆகும். 2006ல 142 அடிக்குத் தண்ணியைத் தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னதும், கேரளா சட்டசபையில அவசரமா ஒரு சட்டத்தைத் திருத்தி 136 அடியோட நிப்பாட்டுச்சு. 2011 டிசம்பர்ல ரெண்டு பக்கமும் கொதிச்சுருச்சு. ஏலத்தோட்டத்துல வேலை பாத்த நம்ம சனம் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு மலையெறங்கி வந்துச்சு. கம்பம், கூடலூர்ல இருந்து சனம் ஆயிரக்கணக்குல குமுளியைப் பாத்து நடந்துச்சு. ரெண்டு சட்டசபையும் போட்டி போட்டுத் தீர்மானம் நிறைவேத்துச்சு. 2014ல கோர்ட்டு மறுபடி 142ன்னு தீர்ப்புச் சொன்ன பெறகுதான் அடங்குச்சு. நடுவுல நம்ம கவர்மெண்டு என்ன செஞ்சது? 2013ல லோயர்கேம்புல பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம். அப்புறம் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவரு பேரு. 2022ல இங்கிலாந்துக்கே போயி அவரு வாழ்ந்த தேசத்துல ஒரு செலை. தண்ணியை ஒசத்துறதுக்குக் கோர்ட்டு வேணும், செலையை ஒசத்துறதுக்கு யாரைக் கேக்கணும்? அந்த மனுசனுக்குச் செலை வேணாம்னு சொல்ல மாட்டேன், நானும் பொங்கலன்னைக்கு மாலை போட்டு வந்தவன்தான்.

ஏலக்காயை விட்டா நம்ம ஊரு கதை முடியாது. 1914 வாக்குல ஒரு செர்மன்காரன் இந்தியாவுலருந்து ஏலச்செடியைக் கொண்டுபோயி கவுதமாலாவுல நட்டான். எம்பதுகள்ல கவுதமாலாக்காரன் நம்மளை முந்திட்டான். இங்க ஏலக்காய்க்குன்னு 1966லயே வாரியம் வச்சாக, 1987ல அதையும் சேத்து ஸ்பைசஸ் போர்டு ஆக்குனாக. வாரியத்துப் பேரு மாறுச்சு, கவுதமாலாக்காரன் மாறல. 2019 ஆகஸ்ட்டுல ஏலத்துல கிலோ 7,000 ரூவா வரைக்கும் போச்சு. ரெண்டு மூணு வருசத்துல ஆயிரத்துக்குக் கீழ வந்துருச்சு. அந்தக் கெறக்கத்துல வீட்டைக் கட்டுனவிங்க அந்தத் தெக்குத்தெருவுல இன்னும் பூச்சுப் பூசாம நிக்கிறாய்ங்க.

2024 ஏப்ரல்ல ஆங்காங்குலயும் சிங்கப்பூர்லயும் நம்ம மசாலா பாக்கெட்டுல எத்திலீன் ஆக்சைடுன்னு ஒரு மருந்து இருக்குன்னு தடுத்தாய்ங்க. ஒரு மாசம்தான். அந்த ரெண்டு ஊருக்குப் போற சரக்கை எல்லாம் கட்டாயம் சோதிக்கணும்னு ஸ்பைசஸ் போர்டு உத்தரவே போட்டுருச்சு. சவூதிக்காரன் ஏலக்காயில பூச்சிமருந்து கூடுதல்னு சரக்கைத் திருப்பி விட்டப்பவும் இப்படித்தான், தோட்டம் தோட்டமா வகுப்பு எடுத்தாக. நல்லது, வேணாங்கல. அந்தப் பூச்சிமருந்தை முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு அடிச்சது யாரு? போடிக்காரனும் தேவாரத்துக்காரனும். அவன் மூக்கு வழியா எம்புட்டுப் போச்சுன்னு எந்த அதிகாரி வந்து நம்ம வாசல்ல உக்காந்து கேட்டான்? அரபுக்காரன் காப்பியில போற மருந்துக்கு அம்புட்டு மரியாதை.

ஜீப்பைப் பத்தி எழுதுனா மார்க்கைக் கொறைப்பாய்ங்களோ என்னமோ. எழுது. வெள்ளென நாலு மணிக்குச் சோத்துத் தூக்கோட கெளம்பி, காயெடுக்கப் போடிமெட்டுக்கும் கம்பமெட்டுக்கும் ஏறுற பொம்பளைகளை ஜீப்புல எப்படி அடைச்சுக் கொண்டு போறாய்ங்கன்னு நிய்யி பாத்து வளந்தவன். ஒண்ணு கவுந்துச்சுன்னா நாலு நாளைக்கு ரோட்டுல செக்கிங் இருக்கும். அஞ்சாம் நாளு பழைய கதை. இதுக்கு ஏன் கொள்கை இல்லைங்கிற? அந்தப் பொம்பளைகளைப் பாத்து யாருக்கும் பயம் இல்ல. அவுகளுக்குத்தான் கூலி போயிருமேன்னு பயம். பயம் இருக்கிற எடம் மாறிப்போச்சு, அதுனால கொள்கை வரல. 2020ல கொரோனாவுக்குச் செக்போஸ்ட்டை எல்லாம் அடைச்சப்ப மட்டும் ஒரு வித்தியாசம். தோட்டத்துல காய் பழுத்து நின்னுச்சு, எடுக்க ஆளில்ல. அப்பத்தான் அங்க இருக்கிற மொதலாளிமாருக்கு நம்ம பொம்பளைக பேரு ஞாபகம் வந்துச்சு.

இப்ப நிய்யி கேப்ப, தாத்தா, பயந்துதான் எல்லாம் நடக்குதுன்னா நல்ல எண்ணத்துல ஒண்ணுமே நடக்கலையான்னு. நடந்திருக்கு. பென்னிகுயிக் பயந்தா கட்டுனாரு? ஆனா பரீச்சையில நல்ல எண்ணத்தைப் பத்தி எழுதுறதுக்கு ஆயிரம் பேரு வருவான். நிய்யி இதை எழுது. கொஞ்சம் நாகரீகமா எழுது, "அழுத்தக் குழுக்கள்"னு ஒங்க புத்தகத்துல ஒரு வார்த்தை இருக்குல்ல, அதைப் போட்டுக்க. நேர்காணல்ல ஒருத்தரு கண்ணாடியை எறக்கிக்கிட்டு "நியூட்ரினோவை ஆதரிக்கிறீர்களா?"ன்னு கேட்டாருன்னா, சூதானமா இரு. அவரு டெல்லிக்காரரா சென்னைக்காரரான்னு மொதல்ல பாத்துக்க. ரெண்டும் தெரியலைன்னா கோலார் 1965ன்னு ஆரம்பிச்சிரு, தண்ணி குடிக்கச் சொல்லி அவுகளே நிப்பாட்டிருவாக.

பாஸ் பண்ணி, வேலை பாத்து, கடைசியில இதே தேனிக்கு நிய்யி கலெக்டரா வந்து உக்காந்தா, திங்கக்கெழம மனுநாளுக்கு நான் வருவேன். சாக்கலூத்து மெட்டு ரோட்டைப் போட்டா தேவாரத்துலருந்து மலைத்தோட்டத்துக்குச் சுத்தாமப் போயிரலாம்னு எலெக்சனுக்கு எலெக்சன் கேட்டுக்கிட்டே இருக்கோம்ல, அந்த மனுதான். வனத்துறை ஒத்துக்கலைன்னு நிய்யி சொல்லுவ. பேரன்தானேன்னு தனியா வந்து நிப்பேன்னு நெனச்சுராத. ரெண்டு டிராக்டர்ல ஆளை ஏத்திக்கிட்டு வருவேன். ஜீப்புக்காரப் பொம்பளைகளும் வருவாக, அவுகளுக்கு அன்னைக்குக் கூலியை நான் குடுத்துருவேன். டீ மட்டும் நிய்யி வாங்கிக் குடுத்துரு. ஏலக்கா போட்டுச் சொல்லு.